குளோபல் டிஆர்ஓ: விழுங்குவதற்கு முன் தேட ஒரு தளம்

தொழில்முறை விளையாட்டில் ஊக்கமருந்து என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங். 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை வென்ற டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயப் பட்டங்களை 2012-இல் பறிகொடுத்த அவரைப் போன்றவர்களுக்கு நான் இங்கே எழுதப்போகும் சேவை தேவைப்படாது. எதை உடம்பில் ஏற்றிக்கொள்கிறோம் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். குளோபல் டிஆர்ஓ என்ற இந்த இணையதளம் வேறு வகை ஆட்களுக்கானது. இருமலுக்கு மருந்து வாங்கப் போய்த் தடையை வாங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கானது.

பிரிட்டன், கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஊக்கமருந்து தடுப்பு அமைப்புகள் கூட்டாக நடத்தும் தளம் இது; சுவிட்சர்லாந்து, ஜப்பான், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளும் இதில் இணைந்திருக்கின்றன. மருந்தின் பெயரைத் தட்டினால், உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடாவின் தடைப் பட்டியலோடு ஒப்பிட்டு, விளையாட்டு வீரர் அதை எடுத்துக்கொள்ளலாமா கூடாதா என்று சொல்லும். கட்டணம் எதுவும் கிடையாது. பிரிட்டனில் மருந்தகக் கவுன்டருக்குப் பின்னால் நிற்பவன் என்ற முறையில் நான் இதை அடிக்கடி பயன்படுத்துகிறேன். ஒப்பந்தம் பெற்று ஆடத் தொடங்கியிருக்கும் நம் பிள்ளைகள் கையில் ஒரு மாத்திரை அட்டையோடு வந்து, "அண்ணா, இதைப் போட்டா டெஸ்ட்ல பிடிபடுமா?" என்று கேட்கும்போது, நினைவிலிருந்து பதில் சொல்வதைவிட அவர்கள் கண்ணெதிரிலேயே இந்தத் தளத்தைத் திறப்பதுதான் முறை என்று நினைக்கிறேன்.

தேடல் கட்டம் வருவதற்கு முன் தளம் மூன்று விவரங்களைக் கேட்கும்: நீங்கள் யார், உங்கள் விளையாட்டு எது, மருந்தை எந்த நாட்டில் வாங்கினீர்கள். அவசரத்தில் இருப்பவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். பெயரைக் கேட்டதும் பதிலைச் சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றும். என் கணிப்பில் இந்தச் சேவையின் தரமே இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. ஒரு மருந்து தடை செய்யப்பட்டதா என்பதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல முடியாத இடங்கள் ஏராளம். இணையத்தில் கண்டபடி தேடிப் பார்க்கிறவர்கள் அங்கேதான் கவிழ்கிறார்கள்.

நாட்டைக் கேட்பதற்கான காரணத்தை ஆலன் பாக்ஸ்டரிடம் கேட்டால் தெரியும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இந்தப் பனிச்சறுக்கு வீரர் 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ஸ்லாலம் பிரிவில் வெண்கலம் வென்றார். மூக்கடைப்புக்காக அமெரிக்கக் கடையில் விக்ஸ் இன்ஹேலர் ஒன்றை வாங்கினார். ஊரில் அவர் வழக்கமாக வாங்கும் அதே விக்ஸ் என்றுதான் நினைத்தார். பிரிட்டனில் விற்கும் இன்ஹேலரில் இல்லாத லெவ்மெதாம்ஃபெட்டமின் அமெரிக்க இன்ஹேலரில் இருந்தது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்பதை விளையாட்டு நடுவர் மன்றமும் ஏற்றுக்கொண்டது. ஆனால் பறிபோன பதக்கம் திரும்பி வரவில்லை.

விளையாட்டைக் கேட்பதற்குக் காரணம் பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள். ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் எழுதிக்கொடுக்கப்படும் புரோப்ரனலால் மாத்திரையைக் கால்பந்து ஆடுபவர் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். துப்பாக்கி சுடுபவரும் அம்பு எய்பவரும் போட்டி இல்லாத நாள்களில்கூடத் தொடக் கூடாது. கை நடுக்கத்தை அது அடக்கிவிடும் அல்லவா? 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியத் துப்பாக்கி வீரர் கிம் ஜாங்-சு தன் வெள்ளியையும் வெண்கலத்தையும் இழந்தது இந்த மாத்திரையால்தான்.

இனி ஒரு தேடலை அருகிலிருந்து பார்ப்போம். பிரிட்டனில் மூக்கடைப்புக்குச் சூடாஃபெட் என்று கேட்டு வாங்காதவர்கள் குறைவு. அந்த ஒரே பெயரில் எங்கள் அலமாரியில் மூன்று சரக்குகள் இருக்கும். டீகன்ஜெஸ்டன்ட் மாத்திரை என்று எழுதிய பெட்டியில் ஒரு மாத்திரைக்கு 60 மில்லிகிராம் சூடோஎபெட்ரின் இருக்கும். மருந்தாளுநரின் மேற்பார்வையில்தான் அதை விற்க முடியும். பிளாக்டு நோஸ் கேப்சூல் என்ற பெட்டியில் இருப்பது ஃபினைலெஃப்ரின். சூப்பர் மார்க்கெட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது மூக்கில் அடிக்கும் ஸ்பிரே, அதில் சைலோமெட்டாசோலின். பின்னிரண்டுக்கும் தடை இல்லை. ஃபினைலெஃப்ரினை வாடா கண்காணிப்பில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். முதலாவதில்தான் வில்லங்கம். 'சூடாஃபெட் போடலாம்' என்று அணித்தோழர் ஒருவர் சொன்னால், அவர் எந்தப் பெட்டியைச் சொன்னார் என்பது யாருக்குத் தெரியும்? தளத்தில் பெயரைத் தட்டினால் இந்தச் சரக்குகள் தனித்தனியே வரும். கையில் இருக்கும் பெட்டியின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த ஒத்துப்பார்ப்பைத்தான் பிள்ளைகள் தாண்டிப் போய்விடுவார்கள். நான் பெட்டியை அவர்கள் கையிலேயே கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வது வழக்கம்.

தேர்ந்தெடுத்ததும் விடை இரண்டாகப் பிரிந்து வரும், போட்டிக் காலத்துக்கு ஒன்று, போட்டிக்கு வெளியே ஒன்று. சூடோஎபெட்ரினுக்குப் போட்டிக்கு வெளியே தடை இல்லை. போட்டிக் காலத்தில் சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் குற்றம். போட்டிக் காலம் என்றால் ஆட்டம் நடக்கும் நேரம் மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விதிப்படி அது முந்தைய நாள் இரவு 11.59-க்கே தொடங்கிவிடுகிறது. போட்டிக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே இந்த மாத்திரையை நிறுத்திவிடும்படி வாடா அறிவுறுத்துவது அதனால்தான். இந்த ஒரே மருந்தின் வரலாறே ஒரு பாடம். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 16 வயது ருமேனிய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை ஆண்ட்ரியா ரடுகானுக்கு அணி மருத்துவர் கொடுத்த சளி மாத்திரையில் இது இருந்ததால், அவர் வென்ற ஒட்டுமொத்தப் பிரிவுத் தங்கம் பறிக்கப்பட்டது. 2004-இல் இந்த மருந்தைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 2010-இல் வரம்போடு மறுபடி சேர்த்தார்கள். பழைய நினைவில் பதில் சொல்லும் மூத்த பயிற்சியாளர்களை நம்பக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

மருந்து உடம்புக்குள் எந்த வழியாகப் போகிறது என்பதையும் தளம் பிரித்துக் காட்டுகிறது. ஆஸ்துமாக்காரர்கள் வைத்திருக்கும் நீல நிற சால்புட்டமால் இன்ஹேலரை எடுத்துக்கொள்வோம். உறிஞ்சும் வழியில் 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம் வரை அனுமதி. அதிலும் எந்த எட்டு மணி நேரத்திலும் 600-ஐத் தாண்டக் கூடாது. ஒரு பஃப் 100 மைக்ரோகிராம் என்பதால், எட்டு மணி நேரத்துக்கு ஆறு பஃப், ஒரு நாளைக்குப் பதினாறு என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அதே சால்புட்டமாலைச் சிரப்பாகவோ மாத்திரையாகவோ விழுங்கினால் எப்போதும் தடை. வரம்புக்கு உட்பட்ட மருந்து என்றாலும் தலைவலி வரலாம் என்பதற்குச் சைக்கிள் வீரர் கிறிஸ் ஃப்ரூம் உதாரணம்: 2017 ஸ்பெயின் சுற்றுப் பந்தயத்தில் அவர் சிறுநீரில் இருந்த அளவு அனுமதித்த அளவைப்போல இருமடங்கு வந்து, குற்றமில்லை என்று விடுவிக்கப்பட 2018 ஜூலை வரை ஆயிற்று.

ஒவ்வொரு தேடலுக்கும் தளம் ஒரு குறிப்பு எண் தருகிறது. அதைச் சேமித்து வைப்பது எளிது, ஆனால் பெரும்பாலானோர் செய்வதில்லை. ஊக்கமருந்து விதிகளில் உடம்புக்குள் எது போனாலும் முழுப் பொறுப்பு வீரருடையது. மருத்துவர் கொடுத்தார், மருந்துக்கடைக்காரர் சொன்னார் என்பதெல்லாம் குற்றத்தை நீக்காது. ஷேன் வார்ன் 2003 உலகக் கோப்பை தொடங்கும் நேரத்தில் சிறுநீர்ப்பெருக்கி மாத்திரையில் சிக்கி, அம்மா கொடுத்தது என்று சொல்லியும் ஓராண்டுத் தடையை அனுபவித்தார். தேடிய தேதியும் எண்ணும் உள்ள தாள் ஒருவரைக் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தண்டனையின் அளவு, வீரர் எவ்வளவு கவனமாக நடந்தார் என்பதைப் பொறுத்தும் தீர்மானிக்கப்படுவதால், அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டு.

இவ்வளவு பாராட்டிய பிறகு, இந்தத் தளம் கைவிரிக்கும் இடங்களையும் சொல்லியாக வேண்டும்.

பெரிய ஓட்டை ஊட்டச்சத்துப் பொருள்கள். புரதப் பொடி, ப்ரீ-வொர்க்அவுட், கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை என்று ஜிம்முக்குப் போகிறவர்கள் பையில் இருக்கும் எதுவும் இந்தத் தளத்தில் இல்லை. இது தளத்தின் சோம்பல் என்று சொல்ல முடியாது. மருந்துக்கு இருக்கும் கட்டுப்பாடு இவற்றுக்கு இல்லாததால், லேபிளில் எழுதியிருப்பதுதான் டப்பாவில் இருக்கிறது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் இன்றைய தொழில்முறை வீரரை வீழ்த்தும் குழி பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. கால்பந்து வீரர் பால் போக்பா 2023 ஆகஸ்ட் 20 அன்று உடினீஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் களமிறங்கக்கூட இல்லை. மாற்று வீரர் இருக்கையில் இருந்தவரின் மாதிரியில் டிஹெச்இஏ என்ற ஹார்மோன் தெரிந்தது. ஃப்ளோரிடாவில் ஒரு மருத்துவர் பரிந்துரைத்த ஊட்டச்சத்துப் பொருளிலிருந்து வந்தது என்றார். அமெரிக்காவில் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் டிஹெச்இஏ, வாடா பட்டியலில் தசையை வளர்க்கும் அனபாலிக் வகையில் வருகிறது. நான்காண்டுத் தடை 2024 அக்டோபரில் 18 மாதமாகக் குறைந்தது, ஆனால் யுவென்டஸ் அணியில் அவர் வாழ்க்கை அத்தோடு முடிந்தது. இப்படிப்பட்ட பொருள்களுக்கு இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் போன்ற சான்று உள்ள டப்பாவாகப் பார்த்து, அதன் பேட்ச் எண்ணையும் அவர்கள் தளத்தில் சரிபார்ப்பதுதான் இருப்பதில் நல்ல வழி.

மூலிகை என்று எழுதியிருந்தால் கவலையில்லை என்று நினைப்பவர்கள் நம்மிடையே அதிகம். ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகர் 21 மாதத் தடை பெற்றது ஹைஜெனமின் என்ற பொருளுக்காக. தாமரை உள்ளிட்ட சில தாவரங்களில் அது இயற்கையாகவே இருக்கிறது. லேகியமும் சூரணமும் இந்தத் தளத்தின் எல்லைக்குள் வரவே வராது.

சரியாகத் தேடி, சரியான விடை பெற்று, அப்படியும் மாட்டிக்கொண்டவர் டென்னிஸ் வீராங்கனை இகா ஷ்வியான்டெக். தூக்கத்துக்காக அவர் எடுத்த மெலட்டோனின், போலந்தில் மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கக்கூடிய, அரசு கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்து. மெலட்டோனினுக்குத் தடை கிடையாது. தயாரிப்பின்போது அதில் தடைப் பட்டியலில் உள்ள டிரைமெட்டாசிடின் கலந்துவிட்டிருந்தது. 2024-இல் ஒரு மாதத் தடை. எந்தத் தேடுதளத்தாலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது, ஆகவே இதற்காக மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமில்லை. இன்னொரு டென்னிஸ் வீரர் யானிக் சின்னர் விவகாரம் வேறு மாதிரி. அவருடைய உடற்பயிற்சியாளர் இத்தாலியில் வாங்கிய ஸ்பிரேயில் க்ளோஸ்டெபால் என்ற ஸ்டீராய்டு இருந்தது. விரலில் வெட்டுக்காயத்துக்கு அதை அடித்துக்கொண்ட பிசியோதெரபிஸ்ட் கையுறை இல்லாமல் மசாஜ் செய்ததில் வீரரின் உடம்புக்குள் போய்விட்டது. 2025 பிப்ரவரியில் மூன்று மாதத் தடைக்கு அவர் ஒப்புக்கொண்டார். தளத்தின் நாட்டுப் பட்டியலில் இத்தாலி இல்லாவிட்டாலும், மூலப்பொருளின் பெயரைத் தட்டியிருந்தாலே போதும். வீரர் மட்டும் தேடிப் பயனில்லை, அவரைத் தொடுகிறவர்களும் தேட வேண்டும். 'நீங்கள் யார்' என்ற கேள்வியில் வீரரல்லாதவர்களுக்கும் இடம் வைத்திருப்பது தற்செயல் அல்ல.

மருந்துக்குத் தடை இல்லாமல் ஏற்றும் முறைக்குத் தடை இருப்பதையும் கவனிக்க வேண்டும். கால்பந்து வீரர் சமீர் நஸ்ரி 2016 இறுதியில் லாஸ் ஏஞ்சல்ஸில் 500 மில்லிலிட்டர் வைட்டமின் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டார். 18 மாதத் தடை. இன்றைய விதிப்படி 12 மணி நேரத்தில் மொத்தம் 100 மில்லிலிட்டரைத் தாண்டி நரம்பு வழியாக ஏற்றக் கூடாது, மருத்துவமனைச் சிகிச்சை, அறுவைச் சிகிச்சை போன்ற விலக்குகள் தவிர. அசதி என்றால் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிடும் தெருமுனை கிளினிக் பழக்கம் உள்ள நமக்கு இது உறைக்க வேண்டிய செய்தி. மருந்தின் பெயரை மட்டும் தேடுகிறவர் இதைத் தவறவிடுவார்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருந்து இதைப் படிப்பவர்களுக்கு இந்தத் தளம் பாதிதான் பயன்படும். வாங்கிய நாட்டுப் பட்டியலில் இந்தியாவும் இலங்கையும் இல்லாததால், அங்கே விற்கும் பிராண்டு பெயர்களைத் தட்டுவதில் பயனில்லை. அதே பெயர் பிரிட்டனில் வேறு பொருளுக்கு இருந்துவிட்டால் தவறான விடையே கிடைக்கலாம். பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ள மூலப்பொருள்களை ஒவ்வொன்றாகத் தட்டுவதே வழி. நம் ஊர் இருமல் சிரப்புகளில் புரோம்ஹெக்சின், குவைஃபெனெசின், டெர்பூட்டலின் மூன்றும் கலந்தவை உண்டு. முதலிரண்டும் பிரச்சினை இல்லை. டெர்பூட்டலினுக்கு எந்த வழியிலும் எக்காலத்திலும் தடை. பிருத்வி ஷா 2019 பிப்ரவரியில் இந்தூரில் சையது முஷ்டாக் அலி கோப்பையின்போது கொடுத்த மாதிரியில் தெரிந்தது அதுதான். தெரியாமல் குடித்த இருமல் மருந்து என்பதைக் கிரிக்கெட் வாரியம் ஏற்றுக்கொண்டும் எட்டு மாதத் தடை. அதற்கு முன் யூசுஃப் பதானுக்கும் அதே பொருளால் ஐந்து மாதம் போயிருந்தது. ஒரே பிராண்டில் பெயருக்குப் பின்னால் ஓரிரு எழுத்து மாறினால் உள்ளே இருக்கும் மருந்தே மாறிவிடும் வழக்கமும் அங்கே இருப்பதால், கடைக்காரர் 'அதே கம்பெனிதான் சார்' என்று மாற்றிக் கொடுப்பதை வாங்கிக்கொள்ளாதீர்கள். இந்திய வீரர்களுக்காகத் தேசிய முகமையான நாடா, நோ யுவர் மெடிசின் என்ற செயலியை வைத்திருக்கிறது. பெயரைத் தட்டுவதோடு படமெடுத்தும் குரல் வழியும் தேட அதில் வசதி உண்டு. இந்தியாவில் வாங்கிய மருந்துக்கு முதலில் அதைத் திறந்துவிட்டு, மூலப்பொருளை மறுமுறை உறுதிசெய்துகொள்ள இங்கே வரலாம்.

அமெரிக்காவில் தொழில்முறை பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல், கூடைப்பந்து லீகான என்பிஏ ஆகியவற்றில் ஆடுபவர்களுக்கு இது பொருந்தாது. அந்த லீகுகள் வாடா விதிகளுக்குக் கட்டுப்படாமல் வீரர் சங்கங்களோடு பேசி முடித்த தங்கள் சொந்தப் பட்டியலை வைத்திருக்கின்றன. அங்கே உள்ளவர்கள் அந்தந்த லீகின் உதவி எண்ணைத்தான் நாட வேண்டும்.

தளம் தமிழில் இல்லை. விடைப் பக்கத்தின் ஆங்கிலம் மருந்தாளுநருக்குச் சரி, 17 வயதுப் பிள்ளையின் பெற்றோருக்குச் சிரமம். தடை என்று விடை வந்ததும் மருந்தையே நிறுத்திவிடும் ஆபத்தும் இருக்கிறது. இன்சுலின் தடைப் பட்டியலில் உண்டு. நீரிழிவுள்ள வீரர் அதை நிறுத்த முடியுமா? சிகிச்சைக்கான விலக்கு என்று ஒரு முறையான விண்ணப்பம் இருக்கிறது, அதற்கு மருத்துவச் சான்றுகளோடு முன்கூட்டியே மனுச் செய்ய வேண்டும். நான் கவுன்டரில் இதைத் தனியாக விளக்க வேண்டியிருக்கிறது.

பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, சுவிட்சர்லாந்து என்று நம் மக்கள் பரவியிருக்கும் நாடுகளில் கடையில் வாங்கும் மருந்துக்கு இந்தச் சேவைக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். இந்தியச் சரக்குக்கு இரண்டு. ஊட்டச்சத்து டப்பாவுக்குப் பூஜ்ஜியம், அதைத் தளமே மறைக்கவில்லை.

பயன்படுத்துவோர் கவனிக்க இன்னொன்று உண்டு. வாடா அடுத்த ஆண்டுக்கான பட்டியலை அக்டோபர் 1-க்குள் வெளியிட்டுவிடும், ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வரும். மரியா ஷரபோவா 2006 முதல் மில்ட்ரோனேட் என்ற பெயரில் எடுத்துவந்த மெல்டோனியம் 2016 ஜனவரி 1 அன்று பட்டியலில் ஏறியது. அதே மாதம் 26-ஆம் தேதி ஆஸ்திரேலிய ஓப்பனில் கொடுத்த மாதிரியில் சிக்கி, கடைசியில் 15 மாதம் ஆட முடியாமல் போனது. வலி மாத்திரையான டிரமடாலும் 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் தடை. நாள்பட்ட நோய்க்கு ஒரே மாத்திரையை ஆண்டுக்கணக்கில் போட்டுவரும் வீரர்களிடம் அக்டோபரில் ஒரு முறை புதிய பட்டியலைப் பார்த்துவிட்டு, ஜனவரியில் பழைய குறிப்பு எண் தாளைக் கிழித்துப் போட்டு, எல்லா மருந்தையும் இந்தத் தளத்தில் மறுபடி தேடிப் புதுத் தாள் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.